ஓல்போர்க்கில் சர்ச்சில், விருதுநகரில் காமராசர்

கோபன்ஹேகனிலிருந்து நாலரை மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்து இறங்கும் விருந்தாளிகள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "ஓல்போர்க்ல பார்க்க என்ன இருக்கு?"

நானும் வழக்கமான பட்டியலைச் சொல்வேன். வட யூட்லாந்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் லிம்ஃபியோர்ட் கரையில் ஒரு நடை. 1624-ல் யென்ஸ் பாங் என்ற வணிகர் கட்டிய பழைய பெரிய வீடு. பக்கத்திலேயே புடோல்ஃபி தேவாலயம். டென்மார்க்கின் நாலாவது பெரிய ஊர் என்றாலும் நடுவூரை நடந்தே பார்த்துவிடலாம். மாஸ்டர்ஸ் படிக்க ஓல்போர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். இங்கேயே சாஃப்ட்வேர் வேலை கிடைத்தது. 14 வருஷம் ஓடிவிட்டது. காற்றைத் தவிர இந்த ஊர்மேல் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

ஆனால் பிள்ளைகளோடு வருகிறவர்களை இப்போதெல்லாம் இன்னொரு இடத்துக்கும் கூட்டிப் போகிறேன். நடுவூரில், செங்கல் சுவரும் உள்முற்றமுமாக இருக்கும் தூய ஆவி மடம். 1431-ல் நோயாளிகளையும் ஏழைகளையும் கவனிக்கத் தொடங்கிய இடம். இன்றைக்கும் அதில் வயதானவர்கள் குடியிருக்கிறார்கள். எத்தனையோ முறை அந்த வழியாக சைக்கிளில் போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. நிற்க வைத்தவள் என் பத்து வயசு மகள்.

போன வருஷம் ஏப்ரல் மாசம். அவளுடைய வகுப்பை அந்த மடத்துக்குக் கூட்டிப்போய், சர்ச்சில் கிளப்பின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த சனிக்கிழமையே எங்களையும் இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தி, தானே வழிகாட்டியாகிவிட்டாள்.

கதை இதுதான். 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. சில மணி நேரத்திலேயே அரசாங்கம் பணிந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் ஜெர்மானியர் முதலில் பிடித்த இடங்களில் ஒன்று, நாம் ஊருக்குப் போக விமானம் ஏறுகிற இதே ஓல்போர்க் விமான நிலையம்தான். நார்வே மேல் பாய அவர்களுக்கு இந்த ஓடுபாதை தேவைப்பட்டது. அதனால் ஊர் முழுக்க ஜெர்மன் சிப்பாய்கள். கடைகள் திறந்திருந்தன, பள்ளிக்கூடம் நடந்தது, பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனார்கள்.

அந்த மடத்தில்தான் ஒரு பாதிரியார் குடும்பம் இருந்தது. அவருடைய மகன்கள் யென்ஸ் பெடர்சன், க்னுட் பெடர்சன். பக்கத்து நார்வேக்காரர்கள் சண்டை போடும்போது நம்ம ஊர் பெரியவர்கள் சும்மா இருக்கிறார்களே என்று அந்தப் பிள்ளைகளுக்கு வெட்கம். 1941 கடைசியில் கதீட்ரல் பள்ளி நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மடத்து அறையிலேயே ஒரு ரகசிய சங்கம் தொடங்கினார்கள். க்னுடுக்கு அப்போ 16 வயசு நடந்துகொண்டிருந்தது. சைக்கிள்தான் வாகனம். ஜெர்மன் வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கிகளைத் திருடி ஒளித்து வைத்தார்கள், ரயில் நிலையத்தில் விமான உதிரிபாகங்கள் இருந்த பெட்டியை எரித்தார்கள். மொத்தம் 25 நாசவேலைகள் என்று கணக்கு. 1942 மே மாதம் பிடிபட்டார்கள். பிடித்தது டேனிஷ் போலீஸ், தண்டித்தது டேனிஷ் நீதிமன்றம். க்னுடுக்கு மூணு வருஷம், நூபோர்க் சிறை. ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்கள் செய்த காரியம் நாடு முழுக்கப் பரவி, பெரியவர்களை உலுக்கிவிட்டது.

சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சர்ச்சில் கிளப். ஹிட்லருக்குப் பணியாமல் நின்ற ஒரே தலைவர் அவர்தான் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பட்டது.

மகளுக்குக் கதை அப்படியே பிடித்துப்போய்விட்டது. வகுப்பில் மே மாதம் எல்லாரும் ஒரு விடுதலைப் போராளியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும். "நான் க்னுட் பெடர்சன் எடுக்கப் போறேன்" என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டாள். எனக்கும் சந்தோஷம். இந்த மண்ணின் கதையை நம்ம பிள்ளை தன் கதையாக எடுத்துக்கொள்கிறாளே என்று.

சிக்கல் அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தது.

ஞாயிறு காலை என் அம்மாவோடு பேசுவது வழக்கம். அம்மா இருப்பது விருதுநகர் பக்கத்தில் ஒரு கிராமம். மகள் ஆசை ஆசையாக அப்பத்தாவிடம் எல்லாக் கதையும் சொன்னாள். தீ வைத்தது, துப்பாக்கி திருடியது எல்லாவற்றுக்கும் "அடியாத்தி!" என்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, கிளப் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"யாரு, சர்ச்சிலா? காந்தியையும் நம்ம காமராசரையும் ஜெயில்ல போட்டானே, அந்த ஆளா? அவன் பேரையா தாயி வச்சாங்க?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா என்னைக் கேட்டார்: "ஏன்டா, பிள்ளைக்கு நீ இதெல்லாம் சொல்லவே இல்லையா?"

இல்லை, சொல்லவே இல்லை. பொங்கல் சொல்லியிருக்கிறேன், திருக்குறள் ஓரளவு சொல்லியிருக்கிறேன், முருகன் கதை சொல்லியிருக்கிறேன். காமராசர் வீட்டுத் தெருவிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி வளர்ந்தவன், அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நமக்குத் தெரிந்தது பிள்ளைக்கும் தானாகத் தெரியும் என்று எப்படியோ நினைத்துவிடுகிறோம்.

அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து சொன்னேன். காமராசர் 1903 ஜூலை 15-ல் பிறந்தார். அப்போ விருதுநகருக்கு விருதுபட்டி என்று பெயர். ஆறு வயசில் அப்பா போய்விட்டார். பன்னிரண்டு வயசு வாக்கில் படிப்பும் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை. 1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் கூட்டமாக இருந்த மக்களைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தபோது அவருக்கு ஏறக்குறைய க்னுடின் வயசுதான். கடையை விட்டுக் காங்கிரஸ் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார்.

"அவரும் தீ வச்சாரா?" என்றாள் மகள். குரலில் ஆவல் தெரிந்தது.

"இல்ல. ஆனா வச்சாருன்னு கேஸ் போட்டாங்க."

1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் அவர் பெயரையும் சேர்த்தார்கள். வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடி, குற்றச்சாட்டு நிற்காமல் விடுதலை ஆனார். அவர் போன வழி வேறு. 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் முதல் சிறை. 1940 கடைசியில் இன்னொரு முறை பிடித்து வேலூரில் வைத்திருந்தபோது, ஊர்க்காரர்கள் அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வெளியே வந்தவர், நேராகப் போய்ப் பதவியில் உட்கார்ந்து, உடனே ராஜினாமாவும் எழுதிக் கொடுத்தார். முழுசாகச் செய்ய முடியாத வேலையைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. இந்த இடத்தில் மகள் சிரித்தாள்.

பிறகு 1942. க்னுடும் நண்பர்களும் பிடிபட்டு மூணு மாசம் கழித்து, ஆகஸ்ட் 8-ல் பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம். மறுநாள் காந்தி, நேரு எல்லாரும் கைது. காமராசர் ரயிலில் தமிழ்நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அரக்கோணத்தில் போலீஸ் காத்திருந்தது. அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ராணிப்பேட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ஊர் ஊராகப் போய், போராட்டத்தை எப்படி நடத்துவது என்று ஆட்களிடம் சொல்லி முடித்தார். வேலை முடிந்ததும் சொந்த ஊருக்கு வந்து, "இப்ப வந்து பிடிச்சுக்கலாம்" என்று போலீசுக்கு அவரே சொல்லி அனுப்பினார். மூணு வருஷம் சிறை. 1945 ஜூனில்தான் விடுதலை. வாழ்க்கையில் ஆறு முறை, கூட்டினால் 3,000 நாளுக்குக் கிட்டத்தட்ட உள்ளே இருந்தவர். அத்தனை நாளும் இந்தியாவை ஆண்டது லண்டன். 1942-ல் அங்கே பிரதமர் நாற்காலியில் இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டாள்.

"சர்ச்சில் ஹிட்லரோட சண்டை போட்டார். காமராசர் சர்ச்சிலோட சண்டை போட்டார். அப்ப காமராசர் ஹிட்லர் பக்கமா?"

கணினியில் இரண்டு நிலைகளை வைத்து எதையும் எழுதிவிடுவேன். இதை அப்படி எழுத முடியவில்லை. "இல்லம்மா" என்று ஆரம்பித்தேன். அந்தத் தீர்மானத்திலேயே, சுதந்திரம் கொடுங்கள், சுதந்திர நாடாக நின்று நாஜிகளை எதிர்க்கிறோம் என்றுதான் இருந்தது. இன்னொரு பக்கம், அந்தப் போரில் பிரிட்டனுக்காக 25 லட்சம் இந்தியச் சிப்பாய்கள் படையில் இருந்தார்கள். ஐரோப்பாவில் பிற நாடுகளை விடுவிக்கப் போராடிய அதே சர்ச்சில், இந்தியா கேட்டபோது மட்டும் முடியாது என்றார். சாம்ராஜ்யத்தைக் கலைப்பதற்காகத் தான் பிரதமர் ஆகவில்லை என்று 1942 நவம்பரில் லண்டனில் மேடையிலேயே பேசினார். அடுத்த வருஷம் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அவர் அரசாங்கம் போதுமான உதவி அனுப்பவில்லை என்ற கோபம் இன்றைக்கும் இருக்கிறது.

"க்னுடுக்கு இது தெரியுமா?"

"16 வயசுப் பையன். ஊர்ல ஜெர்மன்காரன். ராத்திரி ரேடியோவில லண்டன். அந்த வயசுல அங்க இருந்தா நானும் அதே பேரைத்தான் வச்சிருப்பேன்."

"விருதுநகர்ல இருந்தா?"

"அப்பத்தா சொல்றதைத்தான் சொல்லியிருப்பேன்."

அவள் அறைக்குள் போய் எழுத ஆரம்பித்தாள். ஒரு மணி நேரத்தில் தாளோடு வந்தாள். மூணு பத்தி க்னுட், ஒரு பத்தி காமராசர். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னது இது: "பாப்பா, காமராசரை இன்னொரு தடவைக்கு வச்சுக்கலாமே. இது அவங்க கொண்டாடுற நாள். அவங்க ஹீரோவோட பேரை நாம ஏன் குறை சொல்லணும்?" வந்த இடத்தில் நல்ல பேர் வாங்கவேண்டும் என்ற பழக்கம் எனக்கு ஊறிப்போய்விட்டது. ஆபீசில்கூட யாராவது பிரிட்டிஷ் ரயிலைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் தலையாட்டிவிட்டு காப்பி எடுக்கப் போய்விடுவேன்.

மனைவி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இங்கேயே பிறந்தவள். அவளுடைய அப்பா 80-களில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேசைமேல் இருந்த தாளை வாசித்தாள்.

"விடுங்கோ, அவள் சொல்லட்டும்."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"நான் இவளின்ர வயசில படிக்கேக்க, உங்கட நாட்டைப் பற்றிச் சொல்லு எண்டு கேட்டவை. நான் யானை, தேயிலை, கடற்கரை எண்டு சொல்லிப்போட்டு வந்து இருந்திட்டன். அப்பா ஏன் இஞ்ச வந்தவர் எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்ல. எல்லாரும் கை தட்டினவை. அந்தக் கைதட்டல் இண்டைக்கும் எனக்கு நெஞ்சுக்குள்ள கிடக்கு."

பத்து வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்கிறோம். இதை அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். இதைப் படிக்கிற உங்களில் பலர் இங்கே படித்து வளர்ந்தவர்கள். அவள் சொன்னது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்தோம். 'சர்ச்சில் கெட்டவர்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அவர் என்ன செய்தார் என்று மட்டும் எழுதச் சொன்னேன். டென்மார்க்குக்கு என்ன செய்தார், இந்தியாவுக்கு என்ன செய்தார். கேட்கிறவர்கள் முடிவு பண்ணிக்கொள்ளட்டும். அவளுக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் மாற்றினாள்.

பேசிவிட்டு வந்த அன்று நான் ஆபீசிலிருந்து அரை மணி முன்னாடியே வந்துவிட்டேன். வாசலிலேயே கேட்டேன், எப்படிப் போச்சு என்று. "பரவாயில்ல" என்றாள். யாரும் கோபப்படவில்லை. டீச்சருக்குக் காமராசர் பேரைச் சொல்ல வரவில்லை, மூணு தடவை சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். அப்புறம் டீச்சரே வகுப்புக்குச் சொல்லியிருக்கிறார், டென்மார்க்கும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு கோட்டை கட்டி, 1620-லிருந்து 1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்தது, கடைசியில் அதை பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டது என்று. ஒரு பையன், "விற்கிறதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரங்ககிட்ட கேட்டாங்களா?" என்று கேட்டானாம். கேள்வி அவன் கேட்டது என்பதில் எனக்கு ஒரு தனி நிம்மதி.

இன்னொரு பெண் கேட்ட கேள்விக்குத்தான் மகளுக்குப் பதில் தெரியவில்லை: "யாரையும் சுடாம, எதையும் எரிக்காம, ஜெயில்ல உட்கார்ந்தே எப்படி ஜெயிச்சார்?"

அதை என்னிடம் கொண்டுவந்தாள். முழுப் பதில் என்னிடமும் இல்லை. அவர் ஒருத்தர் இல்லை, ஆயிரக்கணக்கில் ஜெயிலை நிரப்பினார்கள் என்றேன். 1945 ஜூலையில் போரில் ஜெயித்த சர்ச்சிலையே பிரிட்டன் மக்கள் தேர்தலில் தோற்கடித்தார்கள், அடுத்து வந்த ஆட்லி ஆட்சியில்தான் 1947-ல் சுதந்திரம் வந்தது என்றேன். காமராசர் வெளியே வந்த அதே கோடையில்தான் சர்ச்சில் பதவியிழந்தார்.

"ஜெயிச்ச பிறகு காமராசர் என்ன பண்ணார்?"

"அதை அப்பத்தாகிட்ட கேளு" என்றேன்.

அடுத்த ஞாயிறு கேட்டாள். அம்மா சொன்னதில் சுதந்திரமும் இல்லை, சர்ச்சிலும் இல்லை. "எங்க வீட்ல அஞ்சு பிள்ளைக. பொம்பளப் பிள்ளைய எதுக்குப் படிக்க வைக்கணும்னு எங்கய்யா ஆட்டுக்குப் போகச் சொன்னாரு. பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோறு போடுறாங்கன்னு தெரிஞ்சதும், சரி போய்ட்டு வான்னாரு. சோத்துக்குத்தான் தாயி போனேன். போனதுல எழுத்தும் வந்துச்சு."

1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராசர் கொண்டுவந்த மதிய உணவு அது. ஆறாம் வகுப்போடு நின்றவர், தான் விட்ட படிப்பை ஊர்ப் பிள்ளைகள் விடக்கூடாது என்று நினைத்தார். அம்மா எழுதப் படிக்கக் கற்றதால்தான் என்னைப் படிக்க வைத்தார். நான் படித்ததால்தான் ஓல்போர்க். இதை நானும் அன்றைக்குத்தான் இப்படி வரிசையாக யோசித்துப் பார்த்தேன். 1967-ல் அதே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார் என்றும் அம்மா வருத்தமாகச் சொன்னார். "எங்கய்யா அன்னைக்குச் சாப்பிடல" என்றார். ஆனால் தோற்றவர் மக்கள் தீர்ப்பு என்று ஒதுங்கிக்கொண்டார்.

மே 4 சாயங்காலம் டென்மார்க்கில் ஜன்னலில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். 1945-ல் அதே நாள் இரவு, ஜெர்மன் படை சரணடைந்த செய்தியை லண்டன் ரேடியோ டேனிஷில் சொன்னபோது, ஐந்து வருஷமாக ஜன்னலை மூடியிருந்த இருட்டுத் திரைகளைக் கிழித்துவிட்டு விளக்கேற்றினார்களாம். எட்டரை மணிக்கும் வெளியே வெளிச்சம் இருக்கும், சுடர் சரியாகத் தெரியாது, இருந்தாலும் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வைப்பார்கள். நாங்களும் வருஷா வருஷம் ஒன்று வைப்போம். போன வருஷம் மகள் பக்கத்தில் இரண்டாவதாக ஒன்று வைத்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மனைவி வந்து, ஒன்றும் சொல்லாமல் மூணாவதாக ஒன்றை ஏற்றி வைத்தாள்.

ஃபோட்டோ எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அங்கே நடுராத்திரி. காலையில் எழுந்ததும் குரல் செய்தி வந்திருந்தது: "நல்லா இருக்குடா. திரைச்சீலைய ஓரமாத் தள்ளி வையுங்க, தீப்பிடிச்சிரப் போகுது."

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் மடத்தைப் பாருங்கள். முற்றத்துக்குள் நின்று பார்க்கவே நன்றாக இருக்கும். உள்ளே வழிகாட்டியோடு போக எந்த நாள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே வயசானவர்கள் குடியிருக்கிறார்கள், பிள்ளைகளைச் சத்தம் போடவிடாதீர்கள். அங்கிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் ஃபியோர்ட் கரை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, உங்கள் அப்பத்தாவோ அம்மம்மாவோ 1942-ல் எங்கே இருந்தார்கள், அவர்களை யார் ஆண்டார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் அங்கிருந்தே ஒரு ஃபோன் போடுங்கள். மத்தியானத்துக்குள் போட்டால் ஊரில் இன்னும் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் இந்த டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். முதலில் தரங்கம்பாடிக் கோட்டை, அடுத்து விருதுநகரில் நினைவு இல்லமாக வைத்திருக்கும் காமராசர் வீடு. திட்டம் போட்டது மகள். இந்த முறை வழிகாட்டி அப்பத்தாதானாம்.